தெய்வம் யார் பக்கம் நின்றது?
ஹோமர் காவியங்களில் வீரமும் பிறப்பும்

வீரம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், யாருடைய வீரம் என்று கேட்பது தலித் வாசிப்பின் முதல் வேலை. இந்தக் கேள்வியைத் தமிழ் இலக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஹோமர் அந்நியமான பெயரும் அல்ல. க. கைலாசபதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சன் என்ற மார்க்சியக் கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்தவர். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. சங்கப் பாடல்களை ஹோமர் காவியங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த நூல் அது. ‘வீரயுகம்’, ‘வாய்மொழிப் பாணர் மரபு’ என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நம்முடைய வகுப்பறைகளுக்குள் வந்தது. வீரயுகத்து வீரர்களைப் பற்றி அங்கே நிறையப் பேசினோம். அந்த வீரர்கள் தின்ற ரொட்டிக்கு மாவு அரைத்தது யார் என்று கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையில் கிரேக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாக வாசித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். இலியட்டிலும் ஒடிஸியிலும் மனிதன் காட்டும் வீரம் எது, தெய்வம் செய்யும் உதவி எது என்று நீண்ட காலமாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. அந்த விவாதத்தில் விடுபட்டுப்போன ஒரு பக்கத்தைச் சொல்வதுதான் என் நோக்கம்.

முதலில் விவாதம் என்ன என்று பார்ப்போம். இலியட்டின் 22ஆம் காண்டத்தில் ஹெக்டர் சாகிறான். அக்கிலிஸ் அவனை டிராய் நகர மதிலைச் சுற்றி மூன்று முறை துரத்துகிறான். நாலாவது சுற்றில் ஜீயஸ் தராசு பிடிக்கிறான். ஹெக்டரின் தட்டு இறங்குகிறது. அதுவரை அவனோடு இருந்த அப்பல்லோ அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அதீனா, ஹெக்டரின் தம்பி டெய்ஃபோபஸ் வேஷத்தில் வந்து, நான் இருக்கிறேன், நின்று சண்டை போடு என்று நம்பவைக்கிறாள். அக்கிலிஸ் எறிந்த முதல் ஈட்டி குறி தப்பி மண்ணில் குத்துகிறது. அதீனா அதைப் பிடுங்கி ஹெக்டருக்குத் தெரியாமல் அக்கிலிஸ் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். ஹெக்டரின் ஈட்டி அக்கிலிஸின் கேடயத்தில் பட்டுத் தெறித்துப் போகிறது. இன்னொரு ஈட்டி கொடு என்று தம்பியைக் கூப்பிடுகிறான். பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

பெட்ராக்ளஸ் செத்ததும் இப்படித்தான். 16ஆம் காண்டத்தில் அப்பல்லோ பின்னால் வந்து அவன் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அறைகிறான். கண் சுழல்கிறது. தலைக்கவசம் உருள்கிறது, ஈட்டி உடைகிறது, மார்புக் கவசம் கழல்கிறது. அப்படி நிற்கிறவனை யூஃபோர்பஸ் என்பவன் முதுகில் குத்துகிறான். அதற்கப்புறம் வந்துதான் ஹெக்டர் குத்துகிறான். என்னைக் கொன்றதில் நீ மூன்றாவது ஆள்தான் என்று பெட்ராக்ளஸே ஹெக்டரிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். 3ஆம் காண்டத்தில் பாரிஸ் கதை இன்னும் மோசம். நேருக்கு நேர் சண்டையில் தோற்று, தலைக்கவச வாரில் கழுத்து இறுகி இழுபடுகிறான். அஃப்ரோடைட் வாரை அறுத்து, அவனை மூடுபனியில் மறைத்துத் தூக்கிக்கொண்டு போய் படுக்கையறையில் போடுகிறாள்.

இப்படித் தெய்வம் இறங்கிச் சண்டை போட்டால் மனிதனுக்கு என்ன பெருமை மிச்சம்? அறிஞர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். ஈ.ஆர். டாட்ஸ் 1951இல் வெளியிட்ட கிரேக்கரும் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டதும் பற்றிய நூல் இதில் முக்கியமானது. மனதுக்குள் திடீரென்று எழும் வேகத்தையும் மயக்கத்தையும் வெளியிலிருந்து வந்த தெய்வச் செயலாகக் காண்பது ஹோமர் கால மனிதனின் இயல்பு என்று அவர் விளக்கினார். ஆல்பின் லெஸ்கி 1961இல், ஒரே செயலுக்குத் தெய்வத் தூண்டல், மனிதத் தூண்டல் இரண்டும் ஒருசேரக் காரணமாக இருக்கலாம், ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை என்றார். தெய்வம் உதவியது என்பதாலேயே வீரன் சிறியவன் ஆகிவிடுவதில்லை. வீரனாக இருப்பதால்தான் தெய்வம் அவனுக்கு உதவுகிறது. இந்த விளக்கம்தான் இன்றைக்கும் பரவலாகச் சொல்லப்படுகிறது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வீரனாக இருப்பவனுக்குத்தான் தெய்வம் உதவுகிறது என்றால், உதவி பெற்றவர்களின் பட்டியலை ஒரு தடவை பார்க்க வேண்டும். அக்கிலிஸ், கடல் தேவதை தீட்டிஸின் மகன். ஈனியஸ், அஃப்ரோடைட்டின் மகன். அவனை அஃப்ரோடைட், அப்பல்லோ, பொசைடன் என்று மூன்று தெய்வங்கள் காப்பாற்றுகின்றன. டயோமிடிஸ் அரச வாரிசு. அவன் அப்பனுக்கு உதவியது போல அவனுக்கும் அதீனா உதவுகிறாள். ஒடிசியஸ் ஒரு தீவின் ராஜா. இந்தப் பட்டியலில் ஒரு சாதாரணப் படையாளும் கிடையாது. 2ஆம் காண்டத்தில் கப்பல்களைப் பட்டியலிடும் முன், படையில் வந்த கூட்டத்தின் பெயரையெல்லாம் சொல்லப் பத்து நாக்கு இருந்தாலும் தன்னால் முடியாது என்று பாடகன் ஒதுங்கிக்கொள்கிறான். பெயரே இல்லாதவனுக்குப் பின்னால் எந்தத் தெய்வம் வந்து நிற்கும்?

இந்த வித்தியாசத்தைக் காவியமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. 1ஆம் காண்டத்தையும் 2ஆம் காண்டத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

1ஆம் காண்டத்தில் அகமெம்னன், அக்கிலிஸின் பங்காக வந்த பிரைசீஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்கிறேன் என்கிறான். அக்கிலிஸ் வாளை உருவப் போகிறான். அதீனா இறங்கி வந்து பின்னாலிருந்து அவன் தலைமயிரைப் பிடித்து நிறுத்துகிறாள். வாளை எடுக்காதே, வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பின்னால் இதைப் போல மூன்று மடங்கு பரிசு உனக்கு வரும் என்கிறாள். அவனும் அகமெம்னனைக் குடிகாரன், கோழை என்று சபையில் திட்டித் தீர்த்துவிட்டுக் கையிலிருந்த கோலைத் தரையில் வீசி எறிகிறான். யாரும் அவனைத் தொடவில்லை.

2ஆம் காண்டத்தில் தெர்சிடிஸ் பேசுகிறான். இலியட் அவனுக்கு அப்பன் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. பிற்காலக் கதைகள் அவனை உயர்குடியில் பிறந்தவன் ஆக்கின. இலியட்டில் அது இல்லை. சொல்லியிருப்பதெல்லாம் அவன் உடம்பைப் பற்றித்தான்: வளைந்த கால், நொண்டி, கூனல் தோள், கூம்பிய தலை. அவன் வாளை எடுக்கவில்லை. அக்கிலிஸுக்குத் தெய்வம் அனுமதித்த அதே வேலையைத்தான், அதாவது பேசுவதை மட்டும்தான், அவனும் செய்கிறான். உனக்கு இன்னும் என்னய்யா வேண்டும், கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்கிறார்களே, நாங்கள் பிடித்துக் கொடுத்ததுதானே, வாங்கப்பா ஊருக்குப் போவோம், இந்த ஆள் தனியாக இருந்து பார்க்கட்டும் என்கிற மாதிரி பேசுகிறான். அக்கிலிஸ் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒடிசியஸ் கோலை ஓங்கி அவன் முதுகிலும் தோளிலும் அடிக்கிறான். ரத்தம் கட்டித் தடித்துப்போகிறது. தெர்சிடிஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறான். படை சிரிக்கிறது. ஒடிசியஸ் செய்ததிலேயே சிறந்த காரியம் இதுதான் என்று பேசிக்கொள்கிறது.

அந்தக் கோல் எங்கிருந்து வந்தது? அடி விழுவதற்குச் சற்று முன்னால் காவியமே அதன் வம்சாவளியைச் சொல்லி வைத்திருக்கிறது. தெய்வக் கொல்லன் ஹெஃபேஸ்டஸ் செய்து ஜீயஸுக்குக் கொடுத்தது. ஜீயஸிடமிருந்து ஹெர்மஸுக்கு, அவனிடமிருந்து பெலோப்ஸுக்கு, பிறகு ஏட்ரியஸ், தையெஸ்டிஸ், கடைசியாக அகமெம்னன். அவனிடமிருந்து வாங்கித்தான் ஒடிசியஸ் கூட்டத்தை அடக்கப் புறப்படுகிறான். புறப்படச் சொன்னவளும் அதீனாதான். ராஜாக்களைக் கண்டால் மென்மையாகப் பேசி உட்காரவைக்கிறான். கூட்டத்து ஆள் சத்தம் போட்டால் கோலால் அடிக்கிறான். அடி முடிந்து ஒடிசியஸ் பேச எழுந்ததும் அதீனா கட்டியக்காரன் வேஷத்தில் பக்கத்தில் நின்று கூட்டத்தை அமைதிப்படுத்துகிறாள். ஆகவே தெய்வ உதவி என்பது போர்க்களத்தில் ஈட்டி எடுத்துக் கொடுப்பது மட்டும் இல்லை. பிறப்பால் வந்த அதிகாரம் கையில் வைத்திருக்கும் கோலும் அதில் சேர்த்திதான். மேலே இருப்பவனின் கோபத்துக்கு மூன்று மடங்கு பரிசு, கீழே இருப்பவனின் கோபத்துக்குத் தெய்வக் கொல்லன் செய்த தடியால் அடி.

தெர்சிடிஸை நம்முடைய நாயகனாகத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. அவன் பேச்சிலும் பெண் என்பவள் பிடித்துக் கொடுக்கும் கொள்ளைப்பொருள்தான். அவனுக்கும் கீழே ஆட்கள் இருந்தார்கள்.

தெய்வம் இன்னொரு வழியிலும் உதவுகிறது. அதைப் பழி சுமக்கும் உதவி என்று சொல்லலாம். 19ஆம் காண்டத்தில் அகமெம்னன், பிரைசீஸைப் பறித்தது என் குற்றமில்லை, ஜீயஸும் விதியும் இருளில் நடமாடும் எரினிஸும் என் புத்தியை மயக்கிவிட்டார்கள் என்கிறான். டாட்ஸ் தன் நூலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். ஆயிரக்கணக்கான பேர் செத்த பிறகு சொல்லப்பட்ட இந்தச் சமாதானத்தைச் சபை ஏற்றுக்கொள்கிறது. ஹெலனுக்கும் இந்தச் சலுகை உண்டு. உன்மேல் குற்றமில்லை, தெய்வங்கள் மேல்தான் என்று டிராயின் கிழ ராஜா பிரையம் சொல்கிறான். ஒடிஸியின் 23ஆம் காண்டத்தில் பெனிலோப்பும், ஹெலனைத் தவறு செய்யத் தூண்டியது ஒரு தெய்வம் என்கிறாள்.

இதற்கு முந்தைய காண்டத்தில், அதே வீட்டில், பன்னிரண்டு அடிமைப் பெண்களைத் தூக்கில் போட்டாயிற்று. பெனிலோப்பைக் கல்யாணம் செய்ய வந்து வீட்டில் தின்றுகொண்டிருந்த ஆண்களோடு படுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 22ஆம் காண்டத் தொடக்கத்தில் ஒடிசியஸ் அந்த ஆண்களைப் பார்த்து வைக்கும் குற்றச்சாட்டே, என் அடிமைப் பெண்களோடு பலவந்தமாகப் படுத்தீர்கள் என்பதுதான். பலவந்தம் என்று அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதே காண்டம் முடிவதற்குள் அந்தப் பெண்களை வைத்தே பிணங்களைச் சுமக்கச் சொல்லி, மேசை நாற்காலியில் இருந்த ரத்தத்தைக் கழுவச் சொல்லி, பிறகு முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கப்பல் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். வாளால் வெட்டுவது கௌரவமான சாவு, அது இவர்களுக்குக் கூடாது என்று முடிவு செய்தவன் மகன் டெலிமேக்கஸ். வலையில் மாட்டிய பறவைகள் போல, கொஞ்ச நேரம் கால் துடித்து அடங்கியது என்று பாடகன் சொல்கிறான். இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்காவது ஏதோ ஒரு தெய்வம் புத்தியை மயக்கியது என்று சொல்ல ஆளில்லை. லெஸ்கி சொன்ன இரட்டைத் தூண்டல் அடிமைக்குப் பொருந்தாது போலும். ராணி செய்தால் தெய்வச் செயல், அடிமை செய்தால் அவளே செய்தது.

மொழிபெயர்ப்பிலும் ஒரு மறைப்பு நடந்திருக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்தப் பெண்கள் வேலைக்காரிகளாக, பணிப்பெண்களாக வருகிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் மாதிரி ஒரு தோற்றம். 2017இல் ஒடிஸியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எமிலி வில்சன் அடிமைகள் என்றே போட்டார். தமிழில் எழுதுகிறவர்களும் அந்தச் சொல்லையே எழுத வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கிரேக்க அடிமையும் தீண்டாமைக்கு ஆளானவரும் ஒன்றல்ல. ஒடிசியஸைப் பால் கொடுத்து வளர்த்தவள் யூரிக்ளியா, இருபது மாட்டு விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. அவன் காலைக் கழுவும்போது தழும்பைத் தொட்டு அடையாளம் கண்டவளும் அவள்தான். தொட்டால் தீட்டு என்பது அங்கே இல்லை. ரோமானிய அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதிய அம்பேத்கர், தீண்டாமை அடிமை முறையைவிடக் கொடியது என்ற முடிவுக்கே வந்தார். ஆகவே அவர்கள் கதையை நம் கதையாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு தந்திரம் நமக்குப் பழக்கமானது. விசுவாசமான பன்றி மேய்ப்பன் யூமேயஸ் நல்லவன் என்று காட்டியதும் பாடகனுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. அவன் பிறப்பால் ஒரு ராஜாவின் மகன், சின்ன வயதில் கடத்தி விற்கப்பட்டவன் என்று கதை வருகிறது. கீழே இருக்கிறவன் நல்லவனாக இருந்துவிட்டால் அவனுக்கு ஒரு மேலான பிறப்பைக் கண்டுபிடித்துத் தரும் கதைகளை நாம் கேட்டதில்லையா?

அப்படியானால் இந்தக் காவியங்களில் தெய்வம் இல்லாத வீரமே கிடையாதா? உண்டு. காவியம் அதைத் தன்னை அறியாமலோ அறிந்தோ விட்டுவைத்திருக்கிறது.

டெலமோனின் மகன் அயாக்ஸை எடுத்துக்கொள்வோம். அவனும் சலமிஸ் தீவின் அரச வாரிசுதான், நம்ம ஆள் இல்லை. ஆனால் கிரேக்கர்களின் பெரிய வீரர்களில், கூடவே நிற்கும் ஒரு தெய்வம் இல்லாதவன் அவன். 13ஆம் காண்டத்தில் ஒரு தடவை பொசைடன் அவனையும் அவன் பெயரே கொண்ட இன்னொருவனையும் கோலால் தொட்டுத் தெம்பு ஊட்டுகிறான். மற்றபடி அவனுக்காக ஈட்டி எடுத்துக் கொடுக்க யாரும் வருவதில்லை. 15ஆம் காண்டத்தில் ஜீயஸும் அப்பல்லோவும் ஹெக்டர் பக்கம். கிரேக்கக் கப்பல்களுக்கு நெருப்பு வைக்க வருகிறார்கள். அயாக்ஸ் ஒரு நீண்ட கழியை வைத்துக்கொண்டு கப்பலுக்குக் கப்பல் தாவித் தாவித் தடுக்கிறான். 17ஆம் காண்டத்தில் பெட்ராக்ளஸ் உடலைச் சுற்றிச் சண்டை நடக்கும்போது களம் முழுக்க மூடுபனி. அயாக்ஸ் அழுதுகொண்டு ஜீயஸிடம் ஒன்றே ஒன்று கேட்கிறான்: கொல்வதென்றால் வெளிச்சத்திலாவது கொல். ஜெயிக்க வை என்று கேட்கவில்லை, காப்பாற்று என்றும் கேட்கவில்லை. பனி விலகுகிறது.

இவனுக்கு என்ன முடிவு? அக்கிலிஸ் செத்த பிறகு அவன் ஆயுதங்கள் ஒடிசியஸுக்குப் போகின்றன. அயாக்ஸ் தற்கொலை செய்துகொள்கிறான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோஃபக்ளிஸ் இதை நாடகமாக்கினார். தெய்வ உதவியோடு ஜெயி என்று அப்பன் சொல்லி அனுப்பியபோது, தெய்வம் துணையிருந்தால் ஒன்றுக்கும் ஆகாதவன்கூட ஜெயிப்பான், நான் அது இல்லாமலே ஜெயிப்பேன் என்று சொன்னானாம். அதீனா வந்தபோதும், நீ மற்றவர்கள் பக்கம் போய் நில் என்றானாம். அந்தத் திமிருக்குத் தண்டனையாக அவனுக்குப் பைத்தியம் பிடிக்கவைத்து, எதிரிகள் என்று ஆடு மாடுகளை வெட்டவைத்து, வந்து பார்த்துச் சிரி என்று ஒடிசியஸைக் கூப்பிடுகிறாள் அதீனா. ஒடிசியஸுக்கே சிரிக்க மனம் வரவில்லை. நாடக உரைகள் இதைச் செருக்கின் வீழ்ச்சி என்று சொல்லும். உதவி வேண்டாம் என்று சொல்வதையே குற்றமாக்கும் ஒழுங்கு என்ன ஒழுங்கு என்று நாம் கேட்கலாம்.

ஹெக்டரும் அப்படித்தான். தெய்வம் கூட இருந்த வரைக்கும் அவன் தவறு செய்கிறான், அளவுக்கு மீறிப் பேசுகிறான். அப்பல்லோ போய், தம்பியும் பொய் என்று தெரிந்த பிறகு, சும்மா சாகக் கூடாது என்று வாளை உருவிக்கொண்டு ஓடுகிறானே, அந்தச் சில கணங்களில்தான் பெரிய மனிதனாகத் தெரிகிறான். தெய்வங்களுக்கு இது வாய்க்காது. 5ஆம் காண்டத்தில் காயம்பட்ட போர்த் தெய்வம் ஆரிஸ் பத்தாயிரம் பேர் கத்துகிற மாதிரி கத்திக்கொண்டு ஓடி, மருந்து போட்டுக் குளித்து மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறான். சாவு இல்லாதவனுக்கு வீரம் எதற்கு?

ஆனால் அயாக்ஸுக்கும் ஹெக்டருக்கும் ஒன்று மிஞ்சியது. பாட்டில் பெயர் இருந்தது. இழக்க அதுகூட இல்லாத ஒருத்தி ஒடிஸியின் 20ஆம் காண்டத்தில் இருக்கிறாள்.

பழிவாங்கும் நாளின் விடியற்காலை. ஒடிசியஸ் ஜீயஸிடம் ஓர் அடையாளம் கேட்கிறான். மேகமில்லாத வானத்தில் இடி இடிக்கிறது. பக்கத்தில் மாவு அரைக்கும் இடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை. பதினொரு பேர் கோதுமையும் பார்லியும் அரைத்து முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லோரிலும் பலவீனமான ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். இடியைக் கேட்டுக் கல்லை நிறுத்திவிட்டு, இவனுங்க இந்த வீட்டில் தின்னுகிற கடைசிச் சாப்பாடு இன்றைக்கே இருக்கட்டும், இவர்களுக்கு அரைத்து அரைத்தே என் முழங்கால் ஒடிந்துபோச்சு என்கிற அர்த்தத்தில் வேண்டுகிறாள். ஒடிசியஸுக்கு மகிழ்ச்சி. அவன் கேட்ட நல்ல சகுனம் கிடைத்துவிட்டது. அதோடு சரி. அவளுக்குப் பெயர் இல்லை, அப்புறம் கதையில் அவள் வருவதும் இல்லை. தெய்வம் அவள் வேண்டுதலைக் கேட்டதா? கேட்டது. ஆனால் அந்த இடி எஜமானுக்காக இடித்தது. அவள் முழங்காலுக்கு எந்தத் தெய்வமும் மருந்து கொண்டுவரவில்லை. மறுநாளும் யாரோ மாவு அரைத்திருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனை இல்லை. கிரேக்கத்தின் தென்மேற்கே பைலோஸில் 1939இல் கார்ல் பிளேகன் ஓர் அரண்மனையைத் தோண்டியபோது எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்தார். பழைய கிரேக்க மொழி. கி.மு. 1200ஐ ஒட்டிய கால அரண்மனைக் கணக்குகள். அவற்றில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பதிவாகியிருக்கிறார்கள். மாவு அரைப்பவர்கள் இத்தனை, அவர்களின் பிள்ளைகள் இத்தனை, கோதுமையும் அத்திப்பழமும் இவ்வளவு. சில கூட்டங்களுக்கு ஊர்தான் பெயர்: லெம்னோஸ்காரிகள், நிடோஸ்காரிகள், மிலேட்டஸ்காரிகள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிடித்தோ வாங்கியோ கொண்டுவரப்பட்டவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரண்மனை எரிந்தபோது அந்த நெருப்பில் களிமண் சுட்டுப்போனதால்தான் இந்தக் கணக்கு தப்பியது. ஹோமர் காவியங்கள் உருவானது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. ஒடிஸியின் பெண்ணுக்கு இது நேரடி ஆதாரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கனுக்கு அவள் ஒரு படி கோதுமை, பாடகனுக்கு ஒரு சகுனம்.

பாடகனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒடிஸியில் வரும் பாடகன் ஃபெமியஸே, விருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்டாயப்படுத்தியதால் பாடினேன் என்று சொல்லித்தான் உயிர் பிழைக்கிறான். யார் சோறு போடுகிறார்களோ அவர்கள் முன்னோரைப் பாட வேண்டும், அந்த முன்னோருக்குப் பின்னால் தெய்வத்தை நிறுத்த வேண்டும். அப்படியிருந்தும் முழங்கால் ஒடிந்த ஒருத்தியின் குரல் பாட்டுக்குள் நுழைந்திருக்கிறது. விருந்து மண்டபத்தின் கதவோரம் அவளைப் போன்றவர்களும் நின்று கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காவியங்களில் வீரம் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். தெய்வம் உதவியதா, மனிதன் சொந்தமாகச் செய்தானா என்று மட்டும் பிரித்துப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். உதவி யாருக்கு வந்தது, யாருக்கு வரவே இல்லை, வராதவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எந்தத் தெய்வமும் வராது என்று தெரிந்தும், எல்லோரும் தூங்கிய பிறகும், பலவீனமான உடம்போடு தன் பங்கு மாவை அரைத்து முடித்து, நடுவில் எஜமானர்கள் சாகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னவளையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பன்னிரண்டு பேர் தூக்கில் தொங்கிய அதே வீட்டில் நின்றுதான் அவள் அதைச் சொன்னாள்.